எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறாத கட்டுரை

காக்கா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த வாரத்தில்தான் கல்லூரி முதல்வர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். காக்கா என்றால் எனக்கு மூத்தவர், ஒரே அண்ணன். நான் நவி மும்பையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலை எப்போதோ போய்விட்டது. ஆசிரியர்களுக்குக் கட்டுரை தேடித் தருவது, அவர்கள் எழுதியதில் மேற்கோள்களைச் சரிசெய்வது, எந்த ஆய்விதழ் உண்மையானது, எது பணம் பிடுங்குவது என்று பார்த்துச் சொல்வது, இப்படித்தான் என் நாள் போகிறது.

முதல்வர் மராத்தியர். என்னிடம் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். கல்லூரியின் வெள்ளிவிழாவுக்கு ஒரு கருத்தரங்கு வைக்கப்போகிறோம், தொடக்க உரை தன்னுடையது என்றார். அதற்கு அவருக்கு ஓர் அட்டவணை வேண்டும். பல் மருத்துவத்தில் எந்த நாடு எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடுகிறது, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி, இந்தியா எந்த இடத்தில் நிற்கிறது.

"இந்தியா ஊப்பர் திக்னா சாஹியே, மேடம்" என்றார். இந்தியா மேலே தெரிய வேண்டும். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. இந்தியா உண்மையிலேயே மேலேதான் இருந்தது.

அந்த வேலை வந்ததில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. செம்பூரில் நானும் உம்மாவும் இருக்கிற ஒற்றை அறையில் அப்போது டி.வி.யைக்கூடப் போடுவதில்லை. நான் வேலைக்குக் கிளம்பும்போது உம்மா எந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாளோ, திரும்பி வரும்போதும் அதே சுவரைப் பார்த்துத்தான் இருப்பாள். நூலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்தால் நாடுகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். அமெரிக்கா முதலில். அடுத்து, நான் அதுவரை கால்பந்துக்கு மட்டும் நினைத்திருந்த பிரேசில். பிறகு ஜப்பான், இங்கிலாந்து, ஜெர்மனி, துருக்கி, வேகமாக ஏறி வருகிற சீனா. சுவீடனும் சுவிட்சர்லாந்தும் மொத்தக் கணக்கில் கீழே கிடக்கும். மக்கள்தொகையால் வகுத்தால் எழுந்து மேலே வந்துவிடும். எங்களுக்கு அது தலைகீழ். மொத்தத்தில் மேலே, வகுத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாட்டின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்த்தாலும் நாங்கள் சரிந்துவிடுவோம்.

இந்தக் கணக்கில் நாடு என்பது கட்டுரை எழுதியவரின் முகவரியில் வரும் கடைசிச் சொல், அவ்வளவுதான். யாருடைய வாயைத் திறந்து பார்த்தார்கள் என்பது சேராது. தாராவிக்காரர் ஒருவரின் வாயைப் பற்றி லண்டனில் உட்கார்ந்து எழுதினால் அது இங்கிலாந்தின் கட்டுரை. மூன்று நாட்டார் சேர்ந்து எழுதினால் மூன்று நாட்டுக்கும் ஒவ்வொன்று ஏறும். அதனால் எல்லா நாடுகளையும் கூட்டினால் உலகத்தின் மொத்தத்தைவிடப் பெரிய எண் வரும். இதையெல்லாம் அடிக்குறிப்பாக எழுதி வைத்தேன்.

அடுத்து நோய் வாரியாகப் பிரித்தேன். பற்சிதைவு, ஈறு நோய், தாடை எலும்பு என்று போய்க்கொண்டே இருந்தபோது ஒரு நோயில் கை நின்றது. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு வருவது. கன்னத்தின் உள்தோல் இறுகி நார்போல ஆகிவிடும், வாய் திறப்பது வரவரச் சுருங்கும், சிலருக்குப் பின்னால் புற்றாக மாறும். அந்த நோயில் இந்தியாவுக்குப் பக்கத்தில் வேறெந்த நாடும் இல்லை. நோயும் எங்களிடம், கட்டுரையும் எங்களிடம். காக்காவுக்கு இருந்தது அதுதான்.

காக்கா தாராவியில் ஒரு கார்கானாவில், சின்னப் பட்டறையில், தோல்பை தைத்தார். ஆர்டர் வந்துவிட்டால் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. அங்கே எல்லோருக்கும் மாவா பழக்கம். சீவல், புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் பிளாஸ்டிக் தாளில் வைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். அது உள்ளே இருந்தால் பசி தெரியாது, தூக்கம் வராது. ஒரு பொட்டலத்தை அங்கே புடி என்பார்கள். காக்கா ஒரு நாளைக்கு எத்தனை புடி போட்டார் என்று மைனிக்கே, அதாவது அவர் மனைவிக்கே, தெரியாது.

முதலில் காரம் எரிந்தது. மைனி வைத்த மீன்குழம்பில் காக்கா தயிரை ஊற்றிக்கொண்டார்.

"என்னைக்கும் போடுத மொளகாதான போட்டேன். இன்னைக்கு மட்டும் எப்படி எரியும்?" என்று மைனி கோபித்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் வடாபாவை உள்ளங்கையில் வைத்து அமுக்கித் தட்டையாக்கித் தின்னத் தொடங்கினார். எங்கள் கல்லூரிச் சுவரொட்டிகளில் அந்த நோயின் படங்களை நான் தினமும் பார்க்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போயிருந்தபோது, "மூணு வெரல நெட்டுக்குத்தா வாய்க்குள்ள விடுங்க காக்கா" என்றேன். இரண்டு விரலே கஷ்டப்பட்டுத்தான் போனது. அவர் சிரித்துக்கொண்டே கையை லுங்கியில் துடைத்தார்.

எங்கள் கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். மும்பைக்குள் இன்னொரு பல் மருத்துவக் கல்லூரியில் முதுகலை மாணவி ஒருவர் இந்த நோயில்தான் தீசிஸ் செய்கிறார், ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், தமிழ்ப் பெண்தான் என்றார். அப்படித்தான் காக்கா அந்த டாக்டரிடம் போனார்.

அவர் மும்பை மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். "வாங்கோ பாய், ஒக்காருங்கோ. எவ்ளோ முடியுமோ அவ்ளோ தொறங்கோ" என்பார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்து எழுதிக்கொள்வார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "இந்த வாரம் எத்தனை புடி?" என்று கேட்பார். புடி என்ற சொல்லை அவர் காக்காவிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.

அந்த ஆய்வில் சேர்ந்த எல்லோருக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி, வாய் திறந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஒரு குச்சி கூடினால் நல்லது. பாதிப் பேருக்கு இதோடு கன்னத்துக்குள்ளே ஊசியும் போடுவார்கள். யாருக்கு ஊசி என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். காக்காவுக்கு ஊசி விழுந்தது.

இறுகிப்போன தோலில் ஊசி சுலபமாக இறங்காது. ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். வெளியே வந்தவர் படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கன்னத்தை அழுத்திக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வடிந்தது. நான் தோளைத் தொட்டபோது கையை மட்டும் ஆட்டினார். அப்புறம், "சரியாயிரும்ட்டி, வா போவோம்" என்றார்.

வலி ஒரு பக்கம் இருந்தாலும் அவருக்கு அதில் பெருமையும் இருந்தது. கார்கானாவில் பிகார்க்காரப் பையன்களிடம், "மேரே மூஹ் பே ரிசர்ச் ஹோ ரஹா ஹை" என்று சொல்லித் திரிந்தார். என் வாயை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது என்று. வீட்டில் மைனியிடம், "நாளைக்கு டாக்டர்மாரு என் வாய வச்சுத்தான் படிப்பாஹ, பாத்துக்க" என்றார். மாவாவையும் குறைத்தார். நாங்கள் எத்தனையோ முறை கெஞ்சியும் விடாதவர்.

"எப்படிக் காக்கா?" என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள வாரா வாரம் கேக்குட்டி. பொய் சொல்ல வாய் வரமாட்டேங்கு" என்றார்.

வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. வடாபாவை அமுக்காமல் தின்ற அன்று மைனி எனக்குப் போன் செய்து சொன்னாள்.

பிறகு ஒரு வாரம் போனபோது அந்த டாக்டர் இல்லை. தீசிஸ் முடிந்து தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார். அடுத்து வந்த மாணவருக்கு வேறு தலைப்பு, ஈறு சம்பந்தப்பட்டது. அவர் காக்காவிடம் மரியாதையாகத்தான் பேசினார். இனிமேல் எல்லோரையும்போல ஓ.பி.டி.யில் சீட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். காக்கா இரண்டொரு தடவை வரிசையில் நின்றார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு டாக்டர். யாரும் புடிக் கணக்கைக் கேட்கவில்லை. அரைநாள் வேலையை விட்டுப்போட்டுப் போய் நிற்பது வீண் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். குச்சிகள் ஒரு தம்ளரில் கிடந்தன. மாவா திரும்ப வந்தது. முன்பைவிட அதிகமாக.

நான் சொல்லும்போதெல்லாம், "ஒனக்கென்ன, ஏசி ரூம்புல இருக்க" என்பார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ரமலானில் பள்ளிவாசலிலிருந்து வருகிற நோன்புக் கஞ்சியைத் தம்ளரில் ஊற்றி உதட்டோரமாக உறிஞ்சினார். வேறெதையும் தொடவில்லை. கன்னத்துக்குள் புண் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வாய் திறக்காததால் யாராலும் பார்க்கவும் முடியவில்லை. தலையணை உறையில் ரத்தக் கறையைப் பார்த்துவிட்டுத்தான் மைனி அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தாடையின் ஒரு பகுதியைக் கன்னத்தோடு எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். நான் பார்த்த வரையில் அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. பேச்சு போய்விட்டது. எதுவானாலும் போனில் டைப் செய்து காட்டுவார். அதையும் இந்தியில், ஆங்கில எழுத்தில். அவருடைய இரண்டு பெண்களுக்கும் தமிழ் படிக்க வராது. ஒரு தடவை எனக்கு மட்டும் தமிழில் எழுதிக் காட்டினார். 'பிள்ளைகளைப் படிக்க வை' என்று இருந்தது.

கழுத்தில் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு டாக்டர்கள் எங்களிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு காலையில், பெண்கள் இருவரும் குளித்துக்கொண்டும் தலைசீவிக்கொண்டும் இருந்த நேரத்தில் காக்கா மவுத்தானார். மய்யித்துக்குத் தாடை விழுந்துவிடாமல் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டுவது வழக்கம். காக்காவுக்கு அது தேவையில்லை என்று குளிப்பாட்டியவர்கள் சொன்னார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அட்டவணையில் அந்த நோய்க்கு வந்து சேர்ந்தேன். இந்தியாவின் கட்டுரைகள் திரையில் இறங்கிக்கொண்டே இருந்தன. இவற்றில் ஒன்று காக்காவுடையதாக இருக்கும் என்று தோன்றியது. அந்த டாக்டரின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு கட்டுரைகள் வந்தன. இரண்டும் வெவ்வேறு ஒற்றை நோயாளிகளைப் பற்றிய சின்னக் குறிப்புகள், ஒன்று பல் பொருத்தியது, இன்னொன்று முளைக்காத பல் ஒன்றை எடுத்தது. அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரின் பெயரைப் போட்டேன், நோயின் பெயரைப் போட்டேன், ஊசி மருந்தின் பெயரைப் போட்டேன். தேடுவது என் தொழில். இருந்தால் கிடைத்திருக்கும்.

டாக்டர் கல்யாணமாகிச் சான்பாடாவில் கிளினிக் வைத்திருப்பது இணையத்தில் தெரிந்தது. நான் போய்வருகிற ரயில் பாதைதான். ஒருநாள் வேலை முடிந்து அங்கே இறங்கினேன். குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்னக் கிளினிக். ஒரு தாயும் குழந்தையும் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தாராவியிலிருந்து ஒரு பாய் உங்க தீசிஸுக்கு வந்துட்டிருந்தாங்க. தோல்பை தைக்கிறவங்க. நான் அவங்க தங்கச்சி" என்றேன்.

"எத்தனை புடின்னு கேட்டா விரலை மடக்கி மடக்கிக் காட்டுவாரே, அந்த பாயா? எப்படி இருக்கார்?"

"மவுத்தாயிட்டாங்க டாக்டர். வாயில கேன்சர்."

அவர் நோயாளிகள் உட்காரும் நாற்காலியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எப்போது, எந்தப் பக்கம், எங்கே பார்த்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன்.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்டிண்டே இருங்கோன்னு சொல்லித்தான் அனுப்பினேன்" என்றார்.

"யாருகிட்ட காட்டுறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

"ஆமா. யார் இருந்தா அங்க?" என்றார் மெதுவாக.

பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நாடுகளின் அட்டவணை போடுவது, அதில் அவருடைய ஆய்வைத் தேடியது, கிடைக்காதது.

"கெடைக்காது. நாங்க பப்ளிஷ் பண்ணலை" என்றார். "ஊசி போட்டவாளுக்கும் போடாதவாளுக்கும் வித்தியாசமே வரலை. எல்லாருக்கும் வாய் தொறந்தது. வந்துண்டிருந்த வரைக்கும் எல்லாருக்கும் நன்னாத்தான் ஆச்சு. கைடு பார்த்துட்டு, நெகட்டிவ் ரிசல்ட், இதை எவனும் எடுத்துக்க மாட்டான், தீசிஸா லைப்ரரில இருந்துட்டுப் போகட்டும்னார். வேலைக்குப் பேப்பர் வேணுமேன்னு ரெண்டு கேஸ் ரிப்போர்ட்ல என் பேரைச் சேர்த்தார். நீங்க பார்த்த ரெண்டும் அதுதான்."

"அப்ப அந்த ஊசி?"

"சின்ன ஸ்டடி. அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எங்க கைல வந்த வரைக்கும், தேவையில்லைன்னுதான் வந்தது."

எனக்குப் படியில் உட்கார்ந்திருந்த காக்காவின் முதுகு தெரிந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. டாக்டர் மேலே பேசினார்.

"அப்புறம் ஒரு கான்ஃபரன்ஸுக்குப் போயிருந்தேன். வேற காலேஜ் பொண்ணு ஒருத்தி மேடைல நிக்கறா. இதே ஊசி, இதே குச்சி, இதே கேள்வி. அவ பேஷண்ட்ஸ்ல பாதிப் பேருக்கு ஊசி. நாங்க பண்ணிப் பார்த்தோம்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கயாவது எழுதியிருந்தான்னா தெரியும்."

வெளியே ஒரு நோயாளி வந்து மணியை அழுத்தினார். டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"உங்க டேபிள்ல இந்தியா எத்தனாவது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"என்னோட அந்த ரெண்டும் அதுல சேர்ந்திருக்கா?"

"சேர்ந்திருக்கு டாக்டர்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இப்போதாவது அந்த ஆய்வை எழுதி அனுப்ப முடியாதா, மேற்கோளெல்லாம் நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். டேட்டா இருக்கிறது, கைடிடம் கேட்க வேண்டும், அவர் ஓய்வுபெற்றுவிட்டார், பார்க்கிறேன் என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு கிளினிக்கும் நடத்துகிறவர். செய்ய மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் ரயில் ஏறினேன்.

வெள்ளிவிழாவுக்கு முன்பு முதல்வர் அட்டவணையைப் பார்த்துப் பாராட்டினார். கடைசி இரண்டு பத்திகள், அதாவது மக்கள்தொகையால் வகுத்ததும் மேற்கோள் கணக்கும், திரையில் நெரிசலாக இருக்கும், எடுத்துவிடலாம் என்றார். அடிக்குறிப்புகளும் பின்வரிசைக்குத் தெரியாது என்று போயின. கருத்தரங்கு அன்று இந்தியாவின் பட்டை ஆரஞ்சு நிறத்தில் உயரமாக எழுந்து நின்றது, மற்ற நாடுகள் சாம்பல் நிறத்தில். கைதட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர் எழுந்து, இவற்றில் எத்தனையை ஒரு டாக்டராவது படித்துவிட்டுத் தன் சிகிச்சையை மாற்றிக்கொண்டார் என்று கேட்டார். முதலில் எண்ணிக்கை வரட்டும், தரம் தானாக வரும் என்று முதல்வர் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். நான் ஓரத்தில் கணினியை இயக்கிக்கொண்டிருந்தேன். திரையில் இருந்த ஒவ்வோர் எண்ணும் சரியானது. தவறு என்று காட்ட அதில் ஒன்றுமில்லை.

டாக்டர் எழுதினார். நான் நினைத்தது தப்பு. குழந்தை தூங்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி எனக்கு அனுப்பினார். நான் மேற்கோள்களைச் சரிசெய்தேன், அட்டவணைகளை ஒழுங்குபடுத்தினேன். பழைய வழிகாட்டி முதலில் முனகிவிட்டு, பிறகு பெயர் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். நல்ல ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினோம். புதுமை போதாது என்று உடனே திரும்பி வந்தது. இன்னொன்று பல மாதம் வைத்திருந்துவிட்டு, தகவல் பழையது என்றது. மூன்றாவதில் மதிப்பீட்டாளர் ஒருவர், ஊசி யாருக்காவது, இளைஞர்களுக்கோ பெண்களுக்கோ, பலன் தந்ததா என்று பிரித்துப் பார்த்து எழுதினால் பரிசீலிக்கலாம் என்றார்.

டாக்டர் போனில், "இல்லாததை எங்கேர்ந்து கொண்டு வரது?" என்றார். அதற்குப் பிறகு அதைத் திரும்ப அனுப்பவில்லை.

கடைசியில் வெளிமாநிலத்தில் பல் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற சின்ன ஆய்விதழ் ஒன்று எடுத்துக்கொண்டது. நான் நாடுகளைக் கணக்கிடுகிற தரவுத்தளத்தில் அந்த இதழ் கிடையாது. அதனால் அந்தக் கட்டுரை வெளிவந்தும், என் அட்டவணையில் இந்தியாவின் எண் ஒன்றுகூட ஏறவில்லை.

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்ததும் மைனி தாராவி வீட்டைக் காலி செய்துவிட்டு, பெண்களோடு கல்யாணில் தன் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் போய் இருந்தாள். கட்டுரையின் அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பெரியவள் அப்போது கல்லூரி சேர்ந்திருந்தாள். அவளிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தாள். சில இடங்களில் என்னிடம் அர்த்தம் கேட்டாள்.

மைனி எட்டிப் பார்த்து, "இதுல அவுஹ பேரு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"வந்தவங்க பேரு போட மாட்டாஹ மைனி. போடக் கூடாது."

"பெறவு அவுஹதான்னு எப்படித் தெரியும்?"

பெரியவள் ஓரிடத்தில் விரலை வைத்தாள். "கடைசி வரைக்கும் ஒரு வாரம்கூட விடாம வந்தவங்கன்னு ஒரு நம்பர் இருக்கும்மா. அதுல வாப்பாவும் உண்டு."

"வந்தாஹ" என்றாள் மைனி. "காய்ச்சலோடயும் போனாஹ. நான் வேண்டாம்னு சொன்னேன்."

பெண் அடுத்த பக்கத்தைப் புரட்டி, முடிவைத் திரும்ப ஒருமுறை படித்தாள். நான் அதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "ஊசிசே குச் ஃபரக் நஹி படா, அம்மா. ஊசி போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்னு எழுதிருக்காங்க."

மைனி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"ஊசி போட்டுட்டு வந்த அன்னைக்கு ராத்திரி ஒரு வாய் திங்க மாட்டாஹளே" என்றாள் மைனி. பிறகு சாயா போட எழுந்து போனாள். அடுப்படியில் வெகுநேரம் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பெரியவள் போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

நாடுகளின் அட்டவணை இப்போது வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலையாகிவிட்டது. இந்தியா இன்னும் மேலே போயிருக்கிறது. சின்ன இதழ்கள் இதில் அடங்கா என்று ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவிடுகிறார்கள். டாக்டரின் கட்டுரையை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்கிறேன். இதுவரை இல்லை.

சென்ற மாதம் டாக்டர் போன் செய்தார். வேறு மாநிலத்திலிருந்து ஒரு முதுகலை மாணவி அந்தக் கட்டுரையின் பிரதி கேட்டு எழுதியிருக்கிறாராம். அவருடைய தீசிஸும் இதே ஊசிதானாம், இன்னும் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கவில்லையாம்.

"அன்னிக்கே அனுப்பிட்டேன். படிச்சுட்டு என்ன பண்றதா இருக்கேன்னும் கேட்டு எழுதினேன்" என்றார்.

"பதில் வந்துச்சா?"

"வரலை. வந்தா சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை.